அண்மை எதிர்காலம் என்ற பெயர் இருக்க, 2050ஆம் ஆண்டைப் பற்றிப் பேசவும் அது ஏன் வருகிறது?

நாந்தேர்_மாணவி எழுதியது:

வணக்கம். டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித் தேர்வின் ஏ2 நிலைக்காகப் பிரெஞ்சு படித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஃப்யுத்யுர் ப்ரோஷ்’ எனப்படும் அண்மை எதிர்காலத்தை அமைக்கும் முறை எனக்குப் புரிந்துவிட்டது. போவதைக் குறிக்கும் ‘அலே’ என்ற வினையை எழுவாய்க்கு ஏற்ப நிகழ்காலத்தில் திரித்து, அதன்பின் அடுத்த வினையின் மூலவடிவத்தை, அதாவது அகராதியில் உள்ள வடிவத்தை, மாற்றாமல் வைக்க வேண்டும். ‘ழெ வே மான்ழே’ என்றால் ‘சாப்பிடப் போகிறேன்’. எனக்கு ஐயம் இருப்பது பயன்பாட்டில்தான்.

சற்று நேரத்தில் நடக்கவிருப்பதற்கு இந்த வடிவம், தொலைவில் இருப்பதற்கு, துணைவினை இல்லாமல் வினையின் ஈற்றை மாற்றி அமைக்கும் எளிய எதிர்காலம் என்று பாடநூல் பிரிக்கிறது. ஆனால் வானொலியில் 2050ஆம் ஆண்டின் வெப்பநிலையைப் பற்றிப் பேசுகிறவர் ‘இல் வா ஃபேர் ப்ளு ஷோ’ என்று அண்மை எதிர்காலத்தில் சொல்கிறார். கடையில் பணிபுரிகிறவரோ, அந்த நிமிடமே செய்யப்போகும் வேலைக்கு ‘ழெ லெ ஃபெரே துத் ஸ்யுயித்’ என்று எளிய எதிர்காலத்தைப் பயன்படுத்துகிறார். ரயில் நிலையத்தில் இரண்டும் ஒரே அறிவிப்பில் வருகின்றன: வண்டி ‘வா ஆன்த்ரே ஆன் கார்’, அதாவது நிலையத்துக்குள் நுழையப் போகிறது என்கிறார்கள்; அதே வண்டி எந்தெந்த ஊர்களில் நிற்கும் என்று சொல்லும்போது ‘இல் தெஸெர்விரா’ என்கிறார்கள். எந்த அடிப்படையில் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

புதுவை_ஆசான் எழுதியது:

வணக்கம் சகோதரி. ஒலிப்பை நானும் உங்களைப் போலவே தமிழ் எழுத்தில் தருகிறேன். எழுத்துக்கூட்டலைப் பாடநூலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெயரில் உள்ள ‘அண்மை’ என்ற சொல்தான் மாணவர்களைத் திசைதிருப்புகிறது. இலக்கண நூல்கள் சில அதைத் தவிர்த்து ‘ஃப்யுத்யுர் பெரிஃப்ராஸ்திக்’, அதாவது துணைவினை கொண்டு விரித்துச் சொல்லும் எதிர்காலம் என்றே குறிப்பிடுகின்றன. அதுவே பொருத்தமான பெயர் என்பது என் கருத்து. இந்த வடிவத்தில் ‘அலே’ நிகழ்காலத்தில் நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். பேசுகிறவர் நிற்கும் இந்தக் கணத்திலேயே அந்தச் செயலுக்கான காரணமோ, முடிவோ, அறிகுறியோ இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. செயல் ஐந்து நிமிடத்தில் நடக்குமா, ஐம்பது ஆண்டில் நடக்குமா என்பது அடுத்த கேள்வி.

இதைக் காட்ட ஆசிரியர்கள் வழக்கமாகத் தரும் ஒரு சோடி உண்டு. ‘எல் வா அவ்வார் ஆன் னான்ஃபான்’ என்றால் அவள் இப்போது கருவுற்றிருக்கிறாள், குழந்தை பிறக்கப் போகிறது என்று கேட்பவர் புரிந்துகொள்வார். ‘எல் ஓரா ஆன் னான்ஃபான்’ என்றால் என்றாவது ஒரு நாள் அவளுக்குக் குழந்தை பிறக்கும் என்பதே பொருள். இப்போதைய நிலையைப் பற்றி அதில் செய்தி எதுவும் இல்லை. ஏணியின் நுனியில் நிற்கும் பிள்ளையைப் பார்த்துத் தாய் கத்துவது ‘த்யு வா தோன்பே!’ என்றுதான். ‘த்யு தோன்பரா’ என்றால் அது எச்சரிக்கையாக இருக்காது; ஆரூடம் சொல்வது போல் ஆகிவிடும்.

இப்போது உங்கள் எடுத்துக்காட்டுகளைப் பாருங்கள். 2050ஐப் பற்றிப் பேசியவர், வெப்பம் ஏறுவது இன்றே தொடங்கிவிட்டது என்ற பார்வையிலிருந்து பேசுகிறார். அதனால் ‘வா ஃபேர்’ அங்கே இயல்பாக வருகிறது. நிலையத்தில் வண்டி நெருங்கிக்கொண்டிருக்கிறது, நடைமேடையின் ஓரத்திலிருந்து விலகி நிற்க வேண்டியவர்கள் நீங்கள்; எனவே ‘வா ஆன்த்ரே’. நிற்கும் ஊர்களின் பட்டியலோ கால அட்டவணையில் உறுதிப்பட்ட செய்தி. அந்தக் கணத்தோடு அதற்குத் தனி உறவு இல்லை. ‘தெஸெர்விரா’ என்ற வடிவம் அங்கே வருவதற்கு அதுவும், அறிவிப்புக்கு உரிய அலுவல் நடையும் காரணங்கள். கடையில் கேட்ட ‘ழெ லெ ஃபெரே’ ஒரு வாக்குறுதி. எளிய எதிர்காலத்துக்கு உறுதி கொடுக்கும் தன்மை உண்டு. செயல் உடனே நடக்கும் என்பதை ‘துத் ஸ்யுயித்’ என்ற சொல் தனியே சொல்லிவிடுகிறது.

தமிழர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மேகம் கறுத்திருப்பதைப் பார்த்து ‘மழை பெய்யப் போகிறது’ என்கிறோம். ‘ஐப்பசியில் மழை பெய்யும்’ என்கிறோம். முதல் வாக்கியத்துக்கு ‘இல் வா ப்ளெவ்வார்’ என்பதே நேர் இணை. இங்கே உங்கள் தமிழ்ச் செவியைத் தாராளமாக நம்பலாம். இரண்டாவதில் மட்டும் கவனம் வேண்டும், ஏனென்றால் நம் ‘பெய்யும்’, ‘நடப்பார்’, ‘வருவாள்’ ஆகிய வடிவங்கள் வழக்கத்தையும் குறிக்கும். ‘தாத்தா தினமும் காலையில் நடப்பார்’ என்பதைப் பிரெஞ்சில் நிகழ்காலத்தில்தான் சொல்ல வேண்டும். இரண்டு எதிர்காலங்களும் அங்கே பொருந்தா.

லியோன்_மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஆசான் ஐயா பொருளை விளக்கிவிட்டதால் நான் சொல்வரிசையைப் பற்றிச் சொல்கிறேன். அமைப்பு எளிது என்று கருதி இதைத் தாண்டிச் செல்லும் மாணவர்கள், எதிர்மறையும் பிரதிப்பெயரும் சேரும் இடத்தில் தடுமாறுகிறார்கள்.

துணைவினைக்கும் மூலவடிவத்துக்கும் இடையே யார் எங்கே உட்கார வேண்டும் என்பதே முழு விஷயமும். எதிர்மறையின் இரு துண்டுகளான ‘ந’, ‘பா’ இரண்டும் திரிந்த ‘அலே’யைச் சூழ்ந்துகொள்ளும்: ‘ழெ ந வே பா பார்த்திர்’, கிளம்பப் போவதில்லை. ‘ழமே’ (ஒருபோதும் இல்லை), ‘ப்ளு’ (இனி இல்லை), ‘ரியேன்’ (எதுவும் இல்லை) ஆகியவற்றுக்கும் அதே இடம்தான்: ‘ழெ ந வே ரியேன் ப்ரான்த்ர்’, எதுவும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ‘பேர்சொன்’ என்பதோ மூலவடிவத்துக்குப் பின்னால் போய்விடும்: ‘ழெ ந வே வ்வார் பேர்சொன்’, யாரையும் பார்க்கப் போவதில்லை. இந்த ஒன்றைத் தனியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதிப்பெயர்கள் இதற்கு மாறாக மூலவடிவத்தை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் அவை அந்தச் செயலுக்கு உரியவை. ‘ழெ வே லெ ஃபேர்’, ‘ழெ வே லுயி பார்லே’, இரண்டு சேர்ந்தால் ‘ழெ வே லெ லுயி தொனே’. எதிர்மறையில் ‘ழெ ந வே பா லெ ஃபேர்’ என்று ஆகும். ‘பா’வுக்கும் ‘லெ’வுக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டால் வரிசை தவறாது.

செயல் எழுவாயையே திரும்பிச் சுட்டும் தற்சுட்டு வினைகளில் மூலவடிவத்தின் முன் வரும் சொல், எழுவாய்க்கு ஏற்ப மாற வேண்டும். எழுந்திருப்பதைக் குறிக்கும் வினை அகராதியில் ‘ஸ லெவே’ என்று இருப்பதால் எல்லோருக்கும் ‘ஸ’வையே வைத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ‘ழெ வே ம லெவே’, ‘த்யு வா த லெவே’, ‘நூ ஸலோன் நூ லெவே’, ‘வூ ஸலே வூ லெவே’ என்பவையே சரி. ‘ஓன்’ என்ற எழுவாய் பேச்சில் ‘நாம்’ என்று பொருள் தந்தாலும் இலக்கணத்தில் படர்க்கை ஒருமை என்பதால் ‘ஓன் வா ஸ லெவே’ என்றே வரும்.

‘இருக்கிறது’ என்று பொருள்படும் ‘இலியா’வை இந்த வடிவத்துக்கு மாற்றும்போதும் இதே விதிதான். ‘இ’ என்பது ‘அவ்வார்’ உடன் ஒட்டியே இருக்கும்: ‘இல் வா இ அவ்வார் து மோந்த்’, கூட்டம் இருக்கப் போகிறது. ‘வேண்டும்’ என்று பொருள்படும் ‘இல் ஃபோ’ என்பது ‘இல் வா ஃபல்வார்’ ஆகும். ‘இது … ஆகும்’ என்று பொருள்படும் ‘ஸே’ என்பது ‘ஸா வா எத்ர்’ ஆகும். அன்றாடப் பேச்சில் இந்த மூன்றும் அடிக்கடி வருவதால், அலசிப் புரிந்துகொள்வதற்கு முன்பே இவற்றை அப்படியே வாய்க்குப் பழக்கிக்கொள்வது நல்லது.

ஒலிப்பில் ஒரு குறிப்பு. ‘இல் வோன்’ என்பதன் பின் உயிரெழுத்தில் தொடங்கும் வினை வந்தால், கவனமான பேச்சில் இறுதி ‘த்’ ஒலி எழும்: ‘இல் வோன் தரிவே’. ‘ஓன் வா அரிவே’யில் அப்படி எதுவும் எழாது.

செவ்ரான்_வாசி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக இங்கே பிரெஞ்சுக்காரர்களோடு சமையலறைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்து வருகிறேன். என் அனுபவத்தில் வேலையிடத்தில் எளிய எதிர்காலத்தை மிகக் குறைவாகவே கேட்கிறேன். எல்லாம் ‘வே’யும் ‘வா’வும்தான். புதிதாக வருகிறவர்கள் ‘ஸெரே’, ‘ஓரே’, ‘வியேன்த்ரே’ என்று மூலமே தெரியாத வடிவங்களை உருப்போட்டு மனம் தளர்வதைக் காண்கிறேன். ‘அலே’யின் ஆறு வடிவங்களை மட்டும் படித்தால் உலகத்தில் உள்ள எல்லா வினைகளையும் எதிர்காலத்தில் சொல்லிவிடலாம் என்றிருக்கும்போது, முதல் இரண்டு ஆண்டுகளுக்கு அது ஒன்றே போதாதா? ஆசான் ஐயா சொன்ன நுணுக்கங்கள் உண்மைதான். ஆனால் ‘வா’ போட்டுப் பேசியதற்காக யாரும் புரியவில்லை என்று சொல்லப்போவதில்லை.

லியோன்_மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அண்ணா, பேசத் தொடங்குகிறவர் முதலில் ‘அலே’ வடிவத்தையே கைக்கொள்ள வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். ஏ1 என்னும் தொடக்கநிலைப் பாடங்களில் அது முதலில் வருவதற்கும் அதுவே காரணம். ஆனால் அது ஒன்றே போதும் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. நம் மக்களின் வீட்டுக்கு வரும் கடிதங்கள் எளிய எதிர்காலத்தில் எழுதப்படுகின்றன. பிரெஃபெக்த்யுர் என்னும் மாவட்ட அரசு அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் ‘வூ ரெஸெவ்ரே’, நீங்கள் பெறுவீர்கள் என்று சொல்லும். பள்ளியிலிருந்து வரும் தாள், பிள்ளைகள் ‘தெவ்ரோன்’, ஒன்றைச் செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லும். இந்தச் சொற்களை வாயால் சொல்லாவிட்டாலும் கண்ணால் கண்டவுடன் எதிர்காலம் என்று அறியத் தெரியாதவர், தன் சொந்தக் காரியத்துக்கு ஒவ்வொரு முறையும் அடுத்தவரை நாட வேண்டியிருக்கும். அதுதான் எனக்குக் கவலை.

பேச்சிலும் எளிய எதிர்காலம் செத்துவிடவில்லை. முடிவைத் தள்ளிப்போடும்போது ‘ஓன் வெரா’, பார்ப்போம் என்கிறார்கள். ‘ஓன் வா வ்வார்’ என்றால், இதோ பார்த்துவிடலாம் என்ற பொருள் வந்துவிடும். கடன் கேட்கப்போன இடத்தில் இந்த இரண்டில் எதைக் கேட்டோம் என்பது பெரிய வேறுபாடு அல்லவா?

‘அலே’ வடிவத்துக்குள்ளேயே நாம் இன்னும் பயன்படுத்திக்கொள்ளாத செல்வம் நிறைய இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். உணவகத்தில் ‘ழெ வே ப்ரான்த்ர் ஆன் கஃபே’ என்றால் அது மரியாதையான கேட்பு. ‘எனக்கு வேண்டும்’ என்ற கடுமை அதில் இல்லை. அலுவலகத்தில் ‘ழெ வே வூ தெமான்தே த பஸியான்தே’ என்று சொல்கிறவர், காத்திருங்கள் என்ற கட்டளையை இந்த வடிவத்தால் மென்மையாக்குகிறார். வழி கேட்டால் ‘வூ ஸலே ப்ரான்த்ர் லா ப்ரமியேர் ஆ கோஷ்’, இடப்பக்கம் முதல் தெருவில் போங்கள் என்பார்கள்; ஏவல் வினைக்குப் பதிலாக இது வருகிறது. அதே வடிவம் எதிர்மறையிலும் உணர்ச்சியிலும் வந்தால் கண்டிப்பு ஆகிவிடும்: ‘த்யு ந வா பா ரெகொமான்ஸே!’, மறுபடியும் தொடங்கப் போகிறாயா! அதைத் தகவல் என்று எண்ணிப் பதில் சொல்லத் தொடங்கினால் நிலைமை மோசமாகும்.

மொன்றியால்_தமிழர் எழுதியது:

கனடாவில் பிரெஞ்சு பேசும் மாகாணமான கெபெக்கிலிருந்து ஒரு சிறு சேர்க்கை. இங்கே தன்மை ஒருமையில் ‘ழெ வே’க்குப் பதிலாக ‘ழெ வா’ என்று பேச்சில் கேட்கலாம். சிலர் இன்னும் சுருக்கி ‘மா’ என்ற ஒரே அசையால் ‘நான் செய்யப் போகிறேன்’ என்பதைச் சொல்லிவிடுகிறார்கள்: ‘மா பார்த்திர்’. பாரிஸிலிருந்து வருகிறவர்கள் இதைத் தவறு என்று நினைக்கக்கூடும். ஆனால் இது பழைய வழக்கின் எச்சம். 1647இல் பிரெஞ்சு இலக்கண அறிஞர் வோழ்லா வெளியிட்ட மொழிக் குறிப்புகளில், படித்தவர்கள் ‘ழெ வே’ என்று சொன்னாலும் அரசவை முழுவதும் ‘ழெ வா’ என்றே சொல்வதாகப் பதிவு செய்திருக்கிறார். தேர்வுத்தாளில் மட்டும் ‘ழெ வே’ எழுதுங்கள்.

செவ்ரான் அண்ணா சொன்னதற்கும் இங்கிருந்து ஒரு மறுப்பு உண்டு. கனடாப் பேச்சுப் பிரெஞ்சில் உடன்பாட்டு வாக்கியங்களில் ‘அலே’ வடிவமே மேலோங்கி நிற்கிறது. எதிர்மறை என்று வந்துவிட்டால் எளிய எதிர்காலம் திரும்பி வருகிறது. ‘ழெ வா இ அலே’ என்று சொல்லும் அதே மனிதர், போகமாட்டேன் என்பதற்கு ‘ழிரே பா’ என்பார். மொழியியலாளர்கள் இதைப் பலமுறை ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள்.

நாந்தேர்_மாணவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ‘ழெ வே’ என்பதற்குப் போவது என்ற சொந்தப் பொருளும் இருப்பதால் மேலும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ‘ழெ வே அஷ்தே து பேன்’ என்றால் ரொட்டி வாங்கக் கிளம்புகிறேன் என்பதா, வாங்கப் போகிறேன் என்ற எதிர்காலமா? கடந்த காலத்தில் ‘கிளம்பப் போனேன், அதற்குள் தொலைபேசி ஒலித்தது’ என்பதை எப்படிச் சொல்வது?

புதுவை_ஆசான் எழுதியது:

முதல் கேள்விக்கு, இரண்டு பொருளும் உண்டு. தமிழிலும் ‘ரொட்டி வாங்கப் போகிறேன்’ அதே இரட்டைப் பொருளைத் தருகிறது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்னால் ஒன்று, கடையில் அலமாரி முன் நின்று சொன்னால் மற்றொன்று. பிரித்துக் காட்ட வேண்டுமானால் ‘ழெ வே அலே அஷ்தே து பேன்’ என்று ‘அலே’யை இருமுறை வைக்கலாம். முதலாவது எதிர்காலத்தைக் காட்டும். இரண்டாவது நடந்துபோவதைக் காட்டும். இப்படி இருமுறை வருவது பிழை என்று மாணவர்கள் அஞ்சுகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் நாள்தோறும் சொல்லும் தொடர் அது. ‘அங்கே போகப் போகிறேன்’ என்பதற்கு ‘ழெ வே இ அலே’ என்று ‘இ’ வரும். அதையே எளிய எதிர்காலத்தில் சொன்னால், இரண்டு ‘இ’ ஒலிகள் மோதுவதைத் தவிர்க்க அது மறைந்து ‘ழிரே’ என்று மட்டும் நிற்கும்.

இரண்டாம் கேள்வியில்தான் தமிழ் நம்மை வழுக்கிவிடும் இடம் இருக்கிறது. இந்த அமைப்பில் துணைவினையாகிய ‘அலே’ இரண்டு காலங்களில் மட்டுமே வரும்: நிகழ்காலம், ‘ஏன்பார்ஃபே’ என்னும் தொடர் இறந்தகாலம். எனவே உங்கள் வாக்கியம் ‘ழலே பார்த்திர், கான் லெ தெலெஃபோன் ஆ ஸோனே’ என்று அமையும். முற்றுப்பெற்ற இறந்தகாலமான ‘பாஸே கோன்போஸே’யில் ‘ழெ ஸுயி ஸலே’ என்று வைத்துவிட்டால் எதிர்காலப் பொருள் முற்றாக மறைந்து, உண்மையிலேயே ஓர் இடத்துக்குப் போனதாக ஆகிவிடும். நாம் ‘விழப் போனான்’ என்று முற்றுப்பெற்ற இறந்தகாலத்தில் சொல்வதால் பிரெஞ்சிலும் அவ்வாறே சொல்லக் கை நீள்கிறது. ‘இல் அலே தோன்பே’ என்பது சரி. மயிரிழையில் தப்பினான் என்பதை அழுத்த விரும்பினால் ‘இல் ஆ ஃபயி தோன்பே’ என்ற வேறு தொடரை நாட வேண்டும். இப்போதுதான் முடிந்த செயலைச் சொல்ல ‘வெனிர்’ வினையோடு ‘த’ சேர்ந்து வரும் அமைப்பும் இப்படியே இந்த இரண்டு காலங்களுக்குள் அடங்கும்: ‘ழெ வியேன் த மான்ழே’, ‘ழெ வெனே த மான்ழே’.

செவ்ரான்_வாசி எழுதியது:

நான் சொன்னதை அண்ணன் தம்பிகள் பொறுமையாக எடுத்துப் பேசியதற்கு நன்றி. கடிதங்கள் பற்றிச் சொன்னது என் மனத்தில் பட்டது. இன்னும் ஒன்று கேட்கிறேன். ‘நீ வந்ததும் சாப்பிடலாம்’, ‘நீ வந்தால் சாப்பிடலாம்’ இந்த இரண்டிலும் ‘வா’ போடலாமா?

லியோன்_மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அண்ணா, இரண்டுக்கும் விதி வேறு. ‘கான்’ (எப்போது), ‘தே க’ (உடனே), ‘லோர்ஸ்க’ (போது) ஆகிய காலம் காட்டும் இணைப்புச் சொற்களுக்குப் பின் வரும் எதிர்காலச் செயலுக்கு, எழுத்து வழக்கு எளிய எதிர்காலத்தை எதிர்பார்க்கிறது: ‘கான் த்யு அரிவரா, ஓன் வா மான்ழே’. தலைமை வாக்கியத்தில் ‘வா’ தாராளமாக வரலாம். ‘கான்’ பகுதியில் அதைச் சிலர் பேச்சில் சொன்னாலும் தேர்விலும் கடிதத்திலும் தவிர்க்க வேண்டும். தமிழில் ‘வந்ததும்’ என்று எச்சத்தால் முடித்துவிடுவதால், அங்கே ஒரு காலம் தேவை என்பதே நமக்குத் தோன்றுவதில்லை.

‘ஸி’ என்ற நிபந்தனைச் சொல்லுக்குப் பின் எளிய எதிர்காலம் வரவே கூடாது. நிகழ்காலம் வரும்: ‘ஸி த்யு வியேன், ஓன் வா மான்ழே’. ஆனால் ‘அலே’ வடிவம் தோற்றத்தில் நிகழ்காலமாக இருப்பதால், ஒருவருடைய எண்ணத்தைக் குறிக்கும்போது ‘ஸி’க்குப் பின்னும் அது இடம்பிடித்துக்கொள்ளும்: ‘ஸி த்யு வா தப்ஸான்தே, ப்ரெவியேன் முவா’, விடுப்பில் போவதாக இருந்தால் எனக்குத் தெரிவி. மேலாளர் இப்படிச் சொன்னால் அவர் கேட்பது உங்கள் திட்டத்தை. விடுப்பு நாள் வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.